தெருவோரம் ஒரு வண்டிக்கு இடம்

கையுறைகள் சூடாகட்டும் என்று வெல்மா அண்ணி அவற்றைத் தரையில் சூட்டுக்காற்று வரும் கம்பித் தட்டின்மேல் பரப்பி வைத்திருந்தாள். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பனி தள்ளும் லாரி தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தது. ஆனால் தெருவிலிருந்து அது ஒதுக்கிய பனியெல்லாம் எங்கள் வண்டிப்பாதையின் வாயில் இடுப்பளவு மேடாகக் கிடந்தது. மேட்டுக்கு உள்ளே அண்ணனுடைய கருஞ்சிவப்பு ஓல்ட்ஸ்மொபீல் கார் வெளியே வர வழியில்லாமல் நின்றது.

"கொஞ்சம் பொறு ஹார்லன். நம்ம நடீன் வீட்டுக்காரனைக் கூப்பிட்டா வந்து அள்ளிப் போட்டுடுவான். டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"டாக்டர் ஃபுளோரிடாவுல வெயில் காயறாரு. இங்க பனி விழுந்தது அவருக்கு எப்படித் தெரியும்?"

"விளையாடாத. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தது போன மாசம்தான்."

"கையுறையைக் குடு. உன் பேச்சை விட அது சூடா இருக்கும்."

அண்ணி எடுத்துக் கொடுத்தாள். தொப்பியின் காது மடல்களை இழுத்துவிட்டாள். அண்ணன் மண்வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஹார்லனின் தங்கை. என் கணவர் இறந்தபின் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். அடுப்படி மேசையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். அண்ணி காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே ஜன்னலருகில் நின்றாள். அண்ணன் மேட்டுப் பக்கம் போகவில்லை. முதலில் தெருவோரம் போனார். வீட்டு வாசலுக்கு நேராக, ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு அளந்தாற்போல் பனியை அள்ளிப் போட்டார். அதன் பிறகுதான் தன் வண்டிக்கு வழி வெட்டத் திரும்பினார். எல்லாப் பனிக்காலத்திலும் அப்படித்தான் செய்வார். அது ஏன் என்று அன்று தெரிந்தவள் அண்ணி ஒருத்திதான்.

அந்தத் தெருவோர இடம் அவர்கள் மகன் கிரெய்க்கின் வண்டிக்கு.

எங்கள் ஊரான லான்சிங்கில், எங்கள் தெருவில் ஓல்ட்ஸ் கார்த் தொழிற்சாலைச் சம்பளம் வராத வீடு கிடையாது. அண்ணன் பள்ளியை முடித்த கோடையிலேயே, வண்டிகள் வரிசையாக நகரும் லைனில் கதவு பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். பணக்காரன் ஏறுகிற வண்டியும் இல்லை, ஏழை ஏறுகிற வண்டியும் இல்லை, நடுவில் நிற்கிறவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏறுகிற வண்டி என்று பெருமையாகச் சொல்வார். ஓல்ட்ஸின் கட்லஸ் வண்டி இந்த நாட்டிலேயே அதிகம் விற்ற கார் ஆனபோது ஊர் முழுவதும் அந்தப் பெருமையில் திரிந்தது. எல்லோரும் ஓவர்டைம் பார்த்தார்கள். வடக்கே ஏரிக்கரையில் குடில்கள் கட்டினார்கள். கிரெய்க் நடை வண்டி தள்ளும் வயதிலேயே, நானும் கதவு மாட்டப் போறேன் என்பான்.

பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. தொழிற்சங்க மண்டபத்து வாகன நிறுத்தத்தில், வெளிநாட்டு வண்டிக்கு இங்கே இடமில்லை என்று பலகை அடித்தார்கள். சுத்தியலைப் பிடித்தவர் எங்கள் அண்ணன்தான். அந்தப் பலகைக்குக் கீழே நின்று எத்தனையோ முறை பேசியிருக்கிறார். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கிரெய்க்கும் ஓல்ட்ஸில் சேர்ந்தான். ஆனால் விற்பனை குறைந்தது. வேலையில்லாமல் நிறுத்தி வைத்தார்கள், கூப்பிட்டார்கள், மறுபடி நிறுத்தினார்கள். ஒருநாள் அவன் பெட்டியைக் கட்டினான். பக்கத்து மாநிலமான ஒஹாயோவில் ஜப்பான்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலைக்குப் போகிறேன் என்றான். "அம்மாதான் போகச் சொன்னாங்க" என்றும் சொன்னான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள்.

அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நீ வரலாம். அந்தக் கம்பெனி வண்டி என் பாதையில ஏறக் கூடாது."

அதிலிருந்து கிரெய்க் மாதம் ஒரு ஞாயிறு வருவான். தான் வேலை செய்யும் இடத்தில் தயாரான காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வருவான். அப்பாவும் மகனும் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவார்கள், பனியைப் பற்றிப் பேசுவார்கள். காரைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பழி முழுவதும் அண்ணி தலையில் விழுந்தது. தேவாலயத்தில் அவள் சுட்டுக்கொண்டு போன ஆப்பிள் கேக்கைத் தொடாமல் சிலர் தட்டை நகர்த்தினார்கள். "மகனை எதிராளிக்கு வித்தவ" என்று காதுபடவே பேசினார்கள். மூத்த மகள் நடீனுக்கு அம்மாவைக் கண்டாலே முகம் சுருங்கும். அவள் கணவனும் ஓல்ட்ஸ்தான். பிறந்தநாளுக்கு ஒரு போன், பண்டிகைக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் அம்மாவோடு அவளுக்கு. அண்ணி எதற்கும் பதில் சொன்னதில்லை. நான் ஒருமுறை கேட்டேன்.

"ஏன் அண்ணி, பெத்த பிள்ளையை நீயேவா அனுப்புவ?"

"அந்த வாணலியை எடு" என்றாள்.

அந்தப் பனிக்கு முந்தைய மாதம், டிசம்பரில்தான் அறிவித்தார்கள். ஓல்ட்ஸ்மொபீல் என்ற பெயரையே நிறுத்தப் போகிறார்களாம். அண்ணன் ஓய்வு பெற்றிருந்தார். ரேடியோவைக் கேட்டுவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்தது அன்றைக்குத்தான். அதிலிருந்து அண்ணிக்கு உயிர் அவளிடம் இல்லை. குளியலறைக் கதவு திறக்கத் தாமதமானால் போய்த் தட்டுவாள். அவர் இருமினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனிப்பாள்.

பனி கொட்டிய அந்த ஞாயிறும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அப்படித்தான் கவனித்தாள். கிரெய்க்கின் வெள்ளை வண்டி திருப்பத்தில் வந்து, துடைத்து வைத்த இடத்தில் அழகாகப் போய் நின்றது. அண்ணன் வழக்கம்போல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பனி மேட்டில் மண்வாரியைச் செருகினார். தூக்கவில்லை. அப்படியே மேட்டின்மேல், பேருந்துக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். நான் அவசர எண்ணைச் சுற்றினேன். வருகிறோம், ஆனால் சாலைகள் அடைந்து கிடக்கின்றன, எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வாசலில் நின்று கத்திச் சொன்னேன். அண்ணி ஓல்ட்ஸைப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த பனியைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

"கிரெய்க், உன் வண்டிக் கதவைத் திற."

"அம்மா... அப்பா அதுல..."

"திறடா."

இருவரும் தாங்கிப் பிடித்து நடத்திப் போனார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திரைகள் விலகின. அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து கால் ஊன்றி நின்றார். முகம் சாம்பல் நிறம்.

"இதுலயா, வெல்மா?"

"இதுலதான். ஏறு."

ஏறினார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பின்னால் உட்கார்ந்தாள். வண்டி போனபின் தெருவோரத்தில் ஒற்றைக் கையுறை கிடந்தது. எடுத்தேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

நடு மதியத்துக்கு முன்பே போன் வந்துவிட்டது. அண்ணன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். மேசையில் பன்றித் தொடை வறுவலும், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும் ஆறிக் கிடந்தன. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராய் விடைபெற்றுப் போகும்வரை நடீன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கதவு சாத்தியதும் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா?"

அண்ணி தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஊரே ஜன்னல்ல நின்னு பாத்துச்சாம். எந்த வண்டியை வாசல்ல ஏத்தக் கூடாதுன்னு சொன்னாரோ, அதுலயே அவரைக் கட்டாயப்படுத்தி ஏத்தியிருக்க. கடைசி நேரத்துலயும் உன் பிள்ளைதான் ஜெயிக்கணும், இல்ல?"

"நடீன், சாப்பிட்டியா நீ?"

"சாப்பாட்டைப் பத்திப் பேசாத! முதல்ல தம்பியை அனுப்பின. அது அவரைப் பாதி கொன்னுச்சு. மீதியை நீ அன்னைக்கு முடிச்சுட்ட..."

"போதும், அக்கா" என்றான் கிரெய்க்.

"நீ பேசாத. உனக்கென்ன, உன் கம்பெனி ஓடுது. என் புருஷன் நம்பி நிக்கிற கம்பெனிதான் மூடுது."

"அம்மா, நான் சொல்லிடப் போறேன்."

அண்ணியின் கை தட்டின்மேல் நின்றது. "வேண்டாம் கிரெய்க். ஆஸ்பத்திரியிலேயே உன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"கேட்டீங்க. நானும் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன்." அவன் நாற்காலியை இழுத்து நடீனுக்கு எதிரில் உட்கார்ந்தான். "அப்பா வழியில பேசினாரு. படுத்தபடியே கதவோரத்துல விரலை ஓட்டிப் பாத்தாரு. அவரு எப்பவும் பாப்பாரே, கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவுல இடைவெளி சீரா இருக்கான்னு... அது மாதிரி. 'உங்க லைன்ல மாட்டினதா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'நல்லா மாட்டியிருக்கீங்க'ன்னாரு."

நடீன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் சொன்னாரு. 'உன்னைப் போகச் சொன்னது உங்கம்மா இல்லடா. நான். உனக்கு இங்க வேலை நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. என் வாயால சொல்ல முடியல. தானே சொல்ற மாதிரி அவளைச் சொல்லச் சொன்னேன்.' அவ்வளவுதான் அக்கா. அதுக்கப்புறம் பேச்சு வரல."



"பொய்..." என்றாள் நடீன். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "அப்பாவா? பலகை அடிச்சவரா?"

"பலகை அடிச்சதாலதான்" என்றாள் அண்ணி. முதல்முறையாக நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "வேற என்ன செய்வாரு? வேலையிலிருந்து வந்தா என்கிட்டதான் சொல்லுவாரு. லைன் மெதுவா ஓடுது வெல்மா, நம்ம முதலாளியோட மத்த வண்டிங்களும் நம்ம வண்டியும் பேரைத் தவிர ஒண்ணாதான் இருக்கு, இது ரொம்ப நாள் தாங்காதும்பாரு. உன் வீட்டுக்காரன் வேலையில மூத்தவன், அவனை எங்கயாவது மாத்திப் போட்டுடுவாங்க. கடைசியா சேர்ந்தது கிரெய்க்தான், அவனை யாரு வெச்சுக்குவாங்கன்னு புலம்பினாரு. ஒருநாள் சாப்பிடாம உக்காந்திருந்தாரு. 'நீ அனுப்பிடு. என் பேரு வர வேண்டாம்'னாரு. சரின்னேன்."

"எத்தனை வருஷம்மா... நான் உன்னை எப்படியெல்லாம் பேசியிருக்கேன். ஒரு தடவையாவது நீ வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"திறந்திருந்தா அவரால அந்தச் சங்க மண்டபத்துக்குள்ள போயிருக்க முடியுமா? அவருக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்குப் போறதுக்கு மண்டபம் எதுவும் இல்லையே."

"அப்ப அந்த வண்டியை உள்ள விடாதது?"

"அது ஊருக்கு."

அண்ணி ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். எங்களுக்கும் தெரியும்படி விலக்கினாள். பாதையின் வாயில் பனி மேடு இன்னும் அப்படியே இருந்தது. அண்ணன் செருகிய மண்வாரி அதில் நின்றது. தெருவோரத்தில், நான்கு பக்கமும் நறுக்கினாற்போல் வெட்டிய சதுரத்துக்குள் கிரெய்க்கின் வண்டி நின்றது.

"உங்கப்பா ஒவ்வொரு தடவையும் முதல்ல அந்த இடத்தைத்தான் துடைப்பாரு. அப்புறம்தான் தன்னுது. அன்னைக்கும் அதைத்தான் முதல்ல முடிச்சாரு. அது முடிஞ்சிருந்ததாலதான் கிரெய்க் வண்டியை வாசலுக்கு நேரா நிறுத்த முடிஞ்சுது..." திரையை விட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆம்புலன்ஸ் வந்தது நாங்க ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகுதான் நடீன். உங்கத்தைகிட்ட கேளு."

நான் தலையசைத்தேன்.

 நடீன் அம்மாவின் கையிலிருந்து தட்டுகளை வாங்கி மேசையில் வைத்தாள். வைத்த கையாலேயே அம்மாவின் தோளைப் பிடித்து, சின்னப் பிள்ளைபோல் அங்கே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணி அழவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, "கோட்டு ஈரமா இருக்கு, கழட்டு முதல்ல" என்றாள். அப்புறம்தான் அவள் குரலும் உடைந்தது.

சில வருஷம் கழித்து ஒரு ஏப்ரலில் கடைசி ஓல்ட்ஸ்மொபீல் லைனிலிருந்து இறங்கியது. வேலை செய்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். நடீனின் கணவனும் போட்டான். அண்ணன் சொன்னபடியே அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கருஞ்சிவப்பு வண்டியை நடீன் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தேவாலயத்தில் நடீன் அம்மாவின் கேக்கைத் தானே வெட்டி, வேண்டாம் என்று சொல்ல விடாமல் எல்லோருக்கும் பரிமாறினாள்.

வண்டிப்பாதை காலியானதும் அண்ணி கிரெய்க்கிடம், "இனிமே உள்ள விடுடா" என்றாள். அவன் பாதையின் வாய்வரை வந்தான். அங்கே பிரேக்கை மிதித்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பின்வாங்கித் தெருவோரத்திலேயே நிறுத்தினான்.

"பழகிப்போச்சும்மா" என்றான்.

அண்ணி வற்புறுத்தவில்லை. அடுத்த பனிக்கு அண்ணனின் மண்வாரியை எடுத்துக்கொண்டு அவளே இறங்கினாள்.

போன இலையுதிர் காலத்தில் அண்ணியும் போய்விட்டாள். இந்த வருஷத்து முதல் பனி நேற்று விழுந்தது. காலையில் நடீன் வந்தாள். முதலில் தெருவோரத்தைத் துடைத்தாள், பிறகு பாதையை. கிரெய்க் வந்தான். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வந்தான்.