கல்தொட்டியின் சுண்ணக்கோடு

அணில் தொட்டியின் விளிம்புவரை வந்தது, தண்ணீரை முகர்ந்தது, குடிக்காமல் திரும்பிப் போயிற்று. மழையே காணாத கோடையில் ஓர் அணில் தண்ணீரை வேண்டாமென்று ஒதுக்குவதை மூத்தவள் அதுவரை கண்டதில்லை.

சகோதரிகள் இருவரில் மூத்தவளான அவள் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. வீட்டின் பின்புறத்தில், முன்னும் இருபக்கமும் நாணல் தட்டியால் அடைத்து, ஓர் ஆள் அமரும் அளவுக்கு மறைவிடம் ஒன்று கட்டியிருந்தாள். முதுகுப்புறம் மட்டும், வற்றி வெடித்துக் கிடந்த குட்டையை நோக்கித் திறந்திருந்தது. ஆறு கோடைகளாக மாலை நான்கு மணிக்கு அங்கே முக்காலியில் அமர்ந்து, எதிரேயுள்ள கல்தொட்டிக்கு வரும் உயிர்களை நோட்டில் எழுதி வந்தாள். அதற்கு ஒரே விதி: உட்கார்ந்தபின் எழவும் கூடாது, திரும்பவும் கூடாது. தலை அசைந்தால் அன்றைய நாள் வீண்.

இந்தக் கோடையில் விடுப்பெடுத்துக்கொண்டு தங்கை வந்தாள். வந்த மறுநாளே சமையலறைச் சன்னலடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்தாள். அவ்வளவுதான். குருவி, அணில், கீரி அனைத்தும் அங்கே போய்விட்டன.

"அக்கா, உன் அணில் கட்சி மாறிடுச்சு. நோட்டுல எழுதிக்கோ!" என்று சன்னலிலிருந்து சிரித்தாள் இளையவள்.

"கத்தாதடி. சத்தம் கேட்டா எதுவும் வராது."

"நான் பாட்டே பாடுறேன், வருதே!"

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. சிறுவயதில் அப்பாவின் தோள் தங்கைக்கு. அம்மாவின் மடி தங்கைக்கு. தெருநாய்கூட அவள் பின்னால்தான் வாலாட்டிப் போகும். கேட்காமலே எல்லாம் கிடைத்தவளுக்கு, தான் ஆறு கோடைகள் மூச்சடக்கிச் சம்பாதித்ததும் போய்ச் சேர வேண்டுமா?

அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. தொட்டியின் உட்புறத்தில் தண்ணீர் மட்டத்தில் தினமும் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே நிற்கும். வெயில் ஒரு விரல் குடிக்கும். மிச்சத்தை யார் குடிப்பது? இளையவள்தான் இரவில் எடுத்துக் கொட்டுகிறாள். அல்லது எதையோ கலக்கிறாள். ஒருநாள் காலை அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள்; கல்லில் ஊறிய சுண்ணக்கோடு மட்டும் மங்கலாக எஞ்சியது. திரும்ப நிரப்புமுன் தங்கை வந்து நின்றாள்.

"என் தொட்டித் தண்ணிய ஏன்டி கொட்டுற?"

"எனக்கு வேற வேலை இல்லையா? உன் பின்னாடி உட்காருறாங்களே, அவங்களக் கேளு."

"யாரு?"

"உன் கூட வேலை பார்த்த டீச்சர்னு நினைச்சேன். ஒல்லியா, உயரமா. உன்ன மாதிரியே ஆடாம அசையாம…"

தனியாக வாழ்பவளைக் குத்திக் காட்டும் பழைய கேலி இது என்று மூத்தவளுக்குப் பட்டது.

"சாயங்கால பஸ் வர்றதுக்குள்ள பெட்டிய கட்டு."

தங்கையின் முகம் வெளுத்தது. கோபத்தால் அன்று. "நிஜமாவே யாரும் இல்லையாக்கா?" என்றாள் மெதுவாக. "அப்போ இன்னிக்கு அங்க உட்காராதே."

என் முக்காலியும் உனக்குக் கண்ணை உறுத்துகிறதா என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள். பஸ் போன சத்தம் அடங்கியதும் முதல் வேலையாகப் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பு நோட்டோடு மறைவிடத்திற்குள் நுழைந்தாள். தொட்டியை நிரப்பவில்லை என்பது அமர்ந்தபின்தான் நினைவுக்கு வந்தது. எழுந்தால் நாள் வீண். இருந்துவிட்டாள்.

சருகு அசையவில்லை, சில்வண்டு ஒலிக்கவில்லை, வெயில் மட்டும் நாணல் இடுக்குகளில் மஞ்சள் கோடுகளாக நீண்டு, சிவந்து, மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. அப்போது அவை வந்தன. கொல்லைச் சுவரின்மேல் அணில்கள், குருவிகள். அவற்றின் நடுவே, ஒன்றையும் தீண்டாமல், கீரி. அனைத்தும் இவள் பக்கமே பார்த்து வரிசையாக நின்றன.

வந்துவிட்டன. அவள் போனதும் என்னிடமே வந்துவிட்டன. கண் நிறைய, நோட்டில் எழுதினாள்: அணில் மூன்று. குருவி ஏழு. கீரி ஒன்று.

மீண்டும் நிமிர்ந்தாள்.

அவை தன்னைப் பார்க்கவில்லை.

தன் தலைக்கு மேலே பார்க்கின்றன.

சேற்று வாடை அடித்தது. மாதக்கணக்கில் ஈரமே காணாத மண்ணில், சேற்று வாடை. நோட்டின்மேல் ஒரு துளி விழுந்தது. குளிர்ந்த துளி. 'கீரி' என்ற சொல் கரைந்து பரவியது.

திரும்பக் கூடாது.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. நிதானமான மூச்சு. அவளுடைய மூச்சோடு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கிய மூச்சு. இந்தக் கோடை முழுவதும் அப்படித்தானா?

சுவரில் இருந்தவை சத்தமின்றி மறுபக்கம் குதித்தன. ஒவ்வொன்றாக. கடைசியாகக் கீரி.

அவள் தோளை உரசியபடி, நனைந்த கயிறுபோல் நீண்ட ஒரு கழுத்து, தட்டியின் இடுக்கைத் தாண்டித் தொட்டிக்குப் போயிற்று. விளிம்பில் குனிந்தது. உலர்ந்த கல்லை நக்கியது. ஒருமுறை. இருமுறை. சுண்ணக்கோடுவரை.

நின்றது.

பின்பு, வந்த வழியே, மெதுவாக, அவள் முகத்தை நோக்கித் திரும்பியது.