எண்ணெய் துடைத்த சேலை

விதுரா ஊர்க் கடைவீதியைத் தாண்டிக் காட்டுப்பாதையில் ஏறியதும் காருக்குள் மஞ்சள் மணத்தது.

கௌசல்யா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை ஈரம், சீட்டுத் துணியின் முடை, பின்னால் தூங்குகிற அஸ்வதி சிந்திய ஆரஞ்சு ஜூஸ் என்று வண்டிக்குள் ஏற்கெனவே பத்து மணம் இருந்தது. ஆனால் இது பச்சை மஞ்சள். அம்மியில் அரைத்த சூட்டோடு வருகிற மணம். வண்டியில் மஞ்சள் ஏது? படையல் சாமான் அத்தனையையும் அவள் புருஷன் வன்னியராஜ் நேற்றே போனக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அவள் ஏசியை அணைத்தாள். மணம் குறையவில்லை.

இன்று போனக்காட்டு எஸ்டேட்டில் ஷிஜாவுக்குப் படையல். ஷிஜா வன்னியராஜின் மூத்த தாரம். அஸ்வதியைப் பெற்றுப் போட்ட அன்றே போய்ச் சேர்ந்தவள். தாலியோடு போன பெண்ணுக்கு வருசம் ஒரு தடவை புதுச்சேலை எடுத்து, முந்தியில் மஞ்சள் தடவிப் படைத்து, ஓலைப்பெட்டிக்குள் மூடி வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அடுத்த வருசம் பெட்டிக்குள் வேறு புதுச்சேலை போகும். பழையதை வீட்டுக்கு வந்த பெண் உடுத்திக்கொண்டு படையலில் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பெண் கௌசல்யாதான். ஆறு வருசமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்திருந்தாள். இந்த வருசம் வன்னியராஜ் விடவில்லை. "அவ சேலைய உடுத்துட்டுத்தான் வரணும், கேட்டியா? அவ அம்மைக்கு முன்னால என் மானத்த வாங்காத" என்று போனில் கத்தினான்.

யாருக்குத்தான் ஆத்திரம் வராது? பிள்ளைக்குப் பால் காய்ச்சியது இவள், சளிக்கு மார்பில் தைலம் தேய்த்தது இவள், பழவங்காடிக் கோயில் கூட்டத்தில் இடுப்பில் தூக்கிச் சுமந்தது இவள். அந்தப் பிள்ளையோ இன்றுவரை இவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறது. அம்மா என்ற பட்டம் அந்த ஓலைப்பெட்டிக்கு.

காலையில் மலையேறுகிற வண்டியாயிற்றே என்று எஞ்சினுக்கு ஆயில் ஊற்றினாள். கோபத்தில் கை ஆடி, ஆயில் மூடியைச் சுற்றி வழிந்து கீழ்வரை இறங்கியது. துடைக்கத் துணி தேடியவள் கண்ணில், அவள் உடுத்திவர வன்னியராஜ் விட்டுப்போயிருந்த ஓலைப்பெட்டி பட்டது. பச்சைச் சேலை, அரக்குக் கரை. ஒரே கிழி. அந்தச் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. ஆயிலைத் துடைத்தாள். மழைக்காலத்தில் எலி வயரைக் கடிக்காமலிருக்க, இன்னொரு கிழிசலில் புகையிலையை முடிந்து எஞ்சின் ஓரமாகக் கட்டினாள். எல்லாரும் கட்டுகிறதுதான். மிச்சச் சேலையைக் குப்பைக் கவருக்குள் திணித்தாள். துடைத்த துணியை வெளியே எடுத்தோமா? அது மட்டும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

"சித்தி, கரியுற மணம் வருது."

அஸ்வதி விழித்திருந்தாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, பானட்டின் ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. கௌசல்யா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். மூடுபனி மரங்களை விழுங்கிவிட்டிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை.

"நீ இறங்காத மோளே. அட்டை கடிக்கும். சித்தி இப்ப வந்துருவேன்."

சாவி வண்டியிலேயே தொங்கியது. ஆளை முதலில் இறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். மெக்கானிக் ஷாஜி தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். "புக வந்தா முதல்ல பிள்ளைய இறக்கணும் சேச்சி. பானட்ட முழுசா தூக்கவே கூடாது. காத்து உள்ள கேறினா தீ ஆளிப் பிடிச்சிரும், கேட்டோ. ஒரு விரல் கேப்பு போதும். அது வழியா சிலிண்டர் பொடிய அடிக்கணும். தண்ணி வேண்டவே வேண்டாம், ஆயில் தீ தண்ணியில பரந்து ஓடும்." மழையும் அட்டையும் பார்த்து, முதல் பாடத்தையே அவள் விட்டுவிட்டாள்.

டிக்கியிலிருந்து சின்னச் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரையும் ஷாஜி போட்டுவைத்திருந்த மணல் சாக்கையும் எடுத்தாள். பானட்டை ஒரு விரல் தூக்கி, இடுக்கில் குழாயை வைத்து அழுத்தினாள். வெள்ளைப் பொடி சீறியது. உள்ளே சிவப்பாய்த் துடித்தது அடங்கியது. புகையிலையும் மஞ்சளும் கருகிய நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம். காலையில் கேட்ட அதே சத்தம், ஆனால் மெதுவாக, நிதானமாக, ருசித்துக் கிழிக்கிற மாதிரி.

இடுக்கில் பச்சையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

துடைத்த துணிதான், சனியன், மறந்தே போய்விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு முழம் வந்தது. கைக்குட்டை அளவுதானே கிழித்தோம் என்று நினைத்துக்கொண்டே இன்னும் இழுத்தாள். கிணற்றுக் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. அரக்குக் கரை வந்தது. கொசுவம் மடித்த தடம் வந்தது. மஞ்சள் தடவிய முந்தி கடைசியாக வந்து அவள் காலடியில் விழுந்தது.

முழுச்சேலை. ஒரு கிழிசல் இல்லை. நனைத்தெடுத்த மாதிரி எண்ணெய் சொட்டியது.

கைகளை உதறினாள். சேலை கையை விடவில்லை, பிசுபிசுவென்று ஒட்டியது. வண்டிக்கு அடியிலும் எண்ணெய் வழிந்து தார் ரோட்டில் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஆயில் அவள் ஊற்றவே இல்லை. அந்தக் கறுப்பின் ஓரத்தில், மழைத்தூறலுக்குள், நீலமாக ஒரு சின்னத் தீ நின்றது.

மணலை அள்ளிப் போட்டாள். தீ நகர்ந்தது. மறுபடி போட்டாள். மணலைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், பின்சீட்டுப் பக்கம் போனது.

"அஸ்வதி! இறங்கு! இறங்குடி!"

டக். நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன.

கைப்பிடியை இழுத்தாள். கண்ணாடியைக் குத்தினாள். காலி சிலிண்டரால் ஓங்கி அடித்தாள். கீறல்கூட விழவில்லை. உள்ளே பிள்ளை அழவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள், யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. பிறகு கண்ணாடியில் வாயை வைத்தாள்.

"சித்தி, நீங்க அந்தச் சேலையை உடுத்தணுமாம்."

"யாரு சொன்னா?"

பிள்ளை மறுபடி பக்கத்தில் பார்த்தது. "உடுத்தா என்னய விடுவாங்களாம். இல்லேன்னா கூட்டிட்டுப் போவாங்களாம்."

தீ பின்சக்கரத்தின் அடியில் வந்து நின்றது. நின்று, காத்திருந்தது.

"கட்டிக்கிறேன்." கௌசல்யாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கட்டிக்கிறேன் தாயே, பிள்ளைய விட்டுரு! அது உன் பிள்ளைதானே!"

எண்ணெய்ச் சேலையைச் சுடிதாருக்கு மேலேயே சுற்றினாள். முதல் சுற்று. வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ அவிழ்த்துக் கொடுத்த மாதிரி. இடுப்பில் சொருகினாள். எண்ணெய் தொடை வழியே இறங்கிச் செருப்புக்குள் தேங்கியது. கொசுவம் மடிக்க முடியவில்லை. விரல் வழுக்கியது. மடித்தாள். நழுவியது. மறுபடி மடித்தாள். முந்தியைத் தோளில் போட்டாள்.

தீ சக்கரத்தை விட்டுத் திரும்பியது. அவளை நோக்கி.

டக். கதவு திறந்தது. அஸ்வதி இறங்கினாள், முழுசாக, ஒரு பொட்டுச் சூடு படாமல்.

"ஓடு மோளே! வந்த வழியா ஓடு! திரும்பிப் பாக்காத!"

பிள்ளை ஓடவில்லை. முகம் மலர்ந்து நின்றது. ஆறு வருசமாகக் கௌசல்யா கேட்க ஏங்கிய அந்தச் சொல்லை, ஆசையாக, வாய் நிறையச் சொன்னது.

"அம்மா!"

ஆனால் அதன் கண் கௌசல்யாவின் மேல் இல்லை. அவள் இடுப்புக்குப் பக்கத்தில், தாழ்வாக, எதையோ பார்த்தது.

கௌசல்யா குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிறவர்கள் காலடியில் உட்கார்ந்து செய்கிற மாதிரி, யாரோ அவள் கொசுவத்தை மடிப்பு மடிப்பாக நீவி, கீழ்க்கரையைச் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விரல்கள் பட்ட மடிப்பெல்லாம், ஒவ்வொன்றாக, நீலமாகப் பற்றியது.