அட்டாலி மேல் வைத்த சர்க்கரை

டப்பா மூடியில் வைத்த சர்க்கரை பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஆனால் ஓர் எறும்புகூடச் செத்துக் கிடக்கவில்லை. முக்காலி போட்டு ஏறி, சமையலறை அட்டாலிப் பலகையை எட்டிப் பார்த்த மௌனிகாவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் பொடியைத் தூவியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வேலை. ஆனால் வீட்டில் மகிழன் தவழ்கிறான். ஒன்பது மாதத்துப் பிள்ளைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் பலகாரம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நிதானமாகச் சொல்லிவைத்தவர் வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்காது. மகிழனின் கழுத்தில் எறும்பு கடித்த தடிப்பு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் நேற்று, கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரை நாட்டுச் சர்க்கரையில் பிசைந்து, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

தேங்காய் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போயிருந்த கணவன் சிவப்பிரகாஷைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, எறும்பு அந்தச் சக்கரையத் தின்னுதுங்க. ஆனா ஒண்ணுகூடச் சாகுலீங்க."

"கூட்டுக்குக் கொண்டு போயித்தான் சாகும். பையனுக்கு எட்டாம வெச்சியா?"

"அட்டாலி மேலீங்க. எனக்கே முக்காலி போட்டாத்தான் எட்டுது."

"அப்பறம் என்ன பயம்? கோபாலபுரம் செக்போஸ்ட்டுல வண்டி நிக்குது. பொழுது சாய வந்தர்றேன்."

போனை வைத்தாள். ஆடிக் காற்று தென்னந்தோப்பை வேரோடு உலுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய், நடு மதியத்திலேயே வீடு இருண்டு கிடக்க, தோப்பில் இறக்கிய கள் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்து சமையலறையில் தங்கியது. பக்கத்து அறையில் மகிழன் தூங்கும் சேலைத் தொட்டிலின் கொக்கி, காற்றுக்கு ஏற்றபடி கிறீச், கிறீச் என்றது. இடையிடையே சப், சப் என்று ஒரு சத்தம். விரல் சூப்புகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

எறும்புகள் எப்போதும் ஜன்னலோரத்து விரிசலில்தான் வரும், போகும். இன்று அங்கே ஒன்றும் இல்லை. அட்டாலியிலிருந்து வரிசை மேல்நோக்கிப் போனது. ஒவ்வொன்றின் வாயிலும் பழுப்பாக ஒரு துணுக்கு. தின்னவில்லை, சுமந்துகொண்டிருந்தன. கூடு உத்தரத்தில் இருக்கிறது போல, இடத்தைப் பார்த்துவைத்தால் அவர் வந்து அடைத்துவிடுவார் என்று, முக்காலியிலிருந்து இறங்கி, கழுத்தை அண்ணாந்தபடி வரிசையோடு நடந்தாள்.

சுவரின் உச்சி. அங்கிருந்து நிலைப்படியின் மேல்சட்டம். சட்டத்தைத் தாண்டி வரிசை அடுத்த அறைக்குள் நுழைந்தது. எதிர்வரிசையில் திரும்பி வந்த எறும்புகளின் வாய் காலியாக இருந்தது.

அவள் நிலைப்படியைத் தாண்டினாள்.

உள்ளே இன்னும் இருட்டு. தொட்டில் கயிற்றில் எறும்பு ஏறாமலிருக்க அவள் கட்டிய வேப்பெண்ணெய்த் துணி கசப்பாக நாறியது. எந்த எறும்பும் அதைத் தாண்டாது. தாண்டியதே இல்லை.

சப். சப்.

வரிசை கொக்கியைச் சுற்றியது. கயிற்றில் இறங்கியது. துணி மேல் ஏறி, நிற்காமல் கடந்தது.

"சாமி... என்ற தங்கம்..."

சேலையின் மடிப்பை விலக்கினாள்.

மகிழன் விழித்திருந்தான். அழவில்லை. காக்கைக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தான். நாக்கு முழுக்கப் பழுப்பு. ஓர் எறும்பு உதட்டில் ஏறியது, துணுக்கை நாக்கில் வைத்தது, திரும்பியது. அடுத்தது அதுவரை கன்னத்தில் காத்து நின்றது. ஒன்றும் கடிக்கவில்லை. அவன் சப்பினான். விழுங்கினான். மறுபடி திறந்தான்.

வாரி எடுத்தாள். வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். அவன் வீறிட்டு அழுதான். வழிக்க வழிக்க வந்தது. எத்தனை நேரமாக? காலையிலிருந்தா? நேற்றிலிருந்தா? ஆஸ்பத்திரி. வண்டி. யாராவது. வாசலுக்கு ஓடினாள்.

வாசற்படியில் கால் நின்றுவிட்டது.

முற்றம் முழுக்கப் பழுப்பு நிறம் மெல்ல நகர்ந்தது. தோப்பிலிருந்து, வேலியிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, எல்லாம் வாயில் ஏதோ ஒன்றைச் சுமந்து வந்தன. முதல் எறும்பு அவள் பாதத்தில் ஏறியது. பிறகு கணுக்கால். முழங்கால்.

அவள் தோளில் கிடந்த மகிழன் அழுகையை நிறுத்தினான். கீழே குனிந்து பார்த்தான். வாயைத் திறந்தான்.