பதினொன்றாவது முள்ளங்கி

டெலிபோன் அலறியது.

காலை ஏழு மணி. கமிஸார் கஸ்பர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவிய கையோடு ரிசீவரை எடுத்தார்.

"சார்... ஃப்ராவ்கே பேசறேன். மாட்டுத் தரகர் வென்டலின்..."

"அவனா? இன்னிக்கு யாரை ஏமாத்தினான்?"

"இனிமே யாரையும் ஏமாத்த மாட்டார் சார். செத்துட்டார்!"

வெண்ணெய் கால்சட்டையில் விழுந்தது.

தரகர் தன் தொழுவத்தில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் மண்வெட்டி. பார்த்த சாட்சிகள் ஆறு. ஆறும் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"எத்தனை மணிக்கு டாக்டர்?"

"விடியக்காலை நாலேகாலுக்கு மேல, அஞ்சுக்குள்ள."

உதவி அதிகாரி ஃப்ராவ்கே குறிப்பெடுத்தாள். ஹாம்பர்க்கிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த பவேரிய மலையடிவாரத்தில் இன்னும் பாதிப் பேச்சு அவளுக்குப் புரிவதில்லை. மீதிப் பாதியை நம்புவதில்லை.

"சார், நேத்து சந்தையில ஒரு சண்டை. ஆய்கிங் கிராமத்து கொர்பீனியன் லெக்னர். வயசு இருபத்தாறு. சினைமாடுன்னு சொல்லி தரகர் வித்த மாடு சினையே இல்லையாம். 'உன் மண்டையைப் பொளக்கறேன்'னு கத்தியிருக்கான். அம்பது பேர் கேட்டிருக்காங்க!"

"மண்டை பொளந்தாச்சு. ஆள் எங்க?"

ஆள் இல்லை...!

லெக்னர் பண்ணையில் கொர்பீனியனின் கட்டில் விரித்தது கலையாமல் இருந்தது. அவன் செல்போன் சமையலறை மேசையில் கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா உர்பானும் அம்மா நோட்புர்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உர்பான், பையன் எங்க?"

உர்பான் மனைவியைப் பார்த்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள்.

"வக்கீல் வரட்டும்," என்றார் உர்பான்.

கமிஸாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடத்தில் இந்த வீட்டுக்குள் வெளியாள் என்று வந்தவர் மாட்டு டாக்டர் ஒருவர்தான். அதுவும் மாடு விழுந்த பிறகு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி நோட்புர்கா. ஆய்கிங்கில் அவள் வாயைத் திறந்தால் சர்ச் மணியே அடங்கிக்கொள்ளும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் வாயைத் திறக்கவில்லை!

*

மறுநாள் வக்கீல் டாக்டர் ஹெட்விக் வந்திருந்தாள். ஐம்பது வயது. ஐந்தடி உயரம். அசையாத முகம்.

"என் கட்சிக்காரங்க எதுவும் சொல்ல விரும்பலை."

"நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே!" என்றார் கமிஸார்.

"கேட்டாலும் அதான்."

"சரி, ஒரு காபியாவது கிடைக்குமா?"

"அதுக்கும் பதில் சொல்ல விரும்பலை."

நோட்புர்கா எழுந்து காபியைக் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை எத்தனை என்று கேட்க வாய் திறந்தவள், சட்டென்று தட்டிலிருந்து ஒரு வெள்ளை முள்ளங்கியை எடுத்துக் கடித்தாள். கரக்!

"அது என்ன?" என்றாள் ஃப்ராவ்கே.

"என் ஏற்பாடு," என்றாள் ஹெட்விக். "பேச்சு வர்றப்போ எல்லாம் முள்ளங்கி. நேத்துலேருந்து அஞ்சு ஆச்சு."

கமிஸார் மேசையைத் தட்டினார். "வக்கீலம்மா, பெத்த பிள்ளைக்கு எதிரா சாட்சி சொல்ல வேணாம்னு சட்டம் இருக்கு. எனக்கும் தெரியும். ஆனா ஆதரவா சொல்லலாமே? தப்பு பண்ணாதவனுக்கு எதுக்கு வக்கீல்?"

"தப்பு பண்ணாதவனுக்குத்தான் வக்கீல் வேணும் கமிஸார். தப்பு பண்ணினவன் என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருப்பான். பண்ணாதவன் வாய்க்கு வந்ததைச் சொல்லி மாட்டிப்பான்."

"அப்போ பையன் நிரபராதிங்கறீங்க?"

"நான் எதுவும் சொல்லலை. வழக்குக் கட்டோட நகல் எனக்கு வேணும். ஒவ்வொரு வாக்குமூலமும், வர வர."

கரக்! ஆறாவது முள்ளங்கி.

காரில் திரும்பும்போது ஃப்ராவ்கே பொருமினாள்.

"ஏதோ மறைக்கறாங்க சார்."

"மறைக்கட்டும். எனக்கு இருக்கற கவலையே வேற. மே ஒண்ணாம் தேதி நெருங்குது. எங்க ஊர் டன்ஸல்பாக் கம்பம்..."

"என்ன கம்பம்?"

கமிஸார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேக்கம்பம்மா! முப்பத்தோரு மீட்டர். நீலமும் வெள்ளையுமா வர்ணம் அடிச்சு, தீயணைப்புக் கொட்டகையில தார்ப்பாய் போட்டு வச்சிருக்கோம். மே ஒண்ணாம் தேதி வசந்தத் திருவிழாவுக்கு ஊர் நடுவுல நட்டாகணும். அதுக்குள்ள ஆய்கிங் பசங்க திருடப் பாப்பானுங்க."

"திருடினா கேஸ் போட வேண்டியதுதானே?"

"கேஸா? கேவலம்! திருடினவன்கிட்ட போய் நின்னு, பீப்பாய் பீப்பாயா பீர் குடுத்து மீட்டுட்டு வரணும். எழுபத்துநாலுல ஒரு தடவை பறிகொடுத்தோம். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறானுங்க."

"இருபது பேர் வந்து தூக்கினா யாரால தடுக்க முடியும்?"

"ஒரே ஆள் போதும். காவல்காரன் கம்பத்து மேல கையை வச்சு 'இது இங்கயேதான் இருக்கும்'னு சொல்லிட்டா, இருநூறு பேர் வந்தாலும் போட்டுட்டுப் போகணும். அதான் முறை. மீறினவன் இந்த வட்டாரத்துல தலைகாட்ட முடியாது."

"காவல் யாரு?"

"என் மச்சான் குவிரின்." கமிஸாரின் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது. "கொட்டகைச் சாவியே அவன்கிட்டதான். ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்."

ஃப்ராவ்கே பக்கத்தைப் புரட்டினாள். "குவிரின்... தரகர்கிட்ட மாடு வாங்கி விக்கறவர் பட்டியல்ல அவர் பேரும் இருக்கு சார். விசாரிக்கணும்."

"தாராளமா. சொந்தக்காரன், நான் கேக்கக்கூடாது. நீ கேளு."

கேட்டாள்.

குவிரின் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு பேசினான். "செவ்வாய்க்கிழமை விடியக்காலையா? கம்பத்துக்குக் காவல்! பத்து மணிக்கு உக்காந்தேன், ஆறு மணிக்கு எழுந்தேன். நடுவுல ஒரு நிமிஷம்கூட நகரலை. வேணும்னா எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டாள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

*

மூன்றாம் நாள் மாவட்டப் பத்திரிகையில் கொட்டை எழுத்து: 'மௌனம் சாதிக்கும் குடும்பம்! மகன் எங்கே?'

ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. ரொட்டிக் கடையில் நோட்புர்காவுக்கு மட்டும் யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தில் கொர்பீனியனைக் கையில் ஏந்திய அதே கடைக்காரி, சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். நோட்புர்கா வீட்டுக்கு வந்து தொழுவத்தில் நின்று அழுதாள். கேட்டைத் திறந்து வந்த ஃப்ராவ்கே அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"சொல்லிடுங்கம்மா. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நாளைக்கு உங்க பையன் படம் டிவியில வரப் போகுது. கொலைகாரன்னு முத்திரை குத்திட்டா அப்புறம் அழிக்கவே முடியாது."

நோட்புர்கா வாயைத் திறக்கப் போனாள். கை தானாக ஏப்ரன் பைக்குள் போனது. கரக்!

சமையலறையில் கமிஸார் இறுதி எச்சரிக்கையோடு நின்றிருந்தார்.

"உர்பான், கடைசியா கேக்கறேன். ஹெலிகாப்டர் கிளம்பப் போகுது. நாய்கள் வரப் போகுது. ஓடறவனைச் சுட்டாலும் சுடுவாங்க!"

நோட்புர்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சுடுவாங்களா! என் பையன் அந்த நேரத்துல..."

"முள்ளங்கி!" என்று கத்தினாள் ஹெட்விக்.

கண்ணீர் வழிய, பத்தாவது முள்ளங்கியைக் கடித்தாள் அந்தத் தாய்.

ஃப்ராவ்கே ஒரு உறையை நீட்டினாள். "நீங்க கேட்ட நகல் மேடம். கடைசி வாக்குமூலம்."

ஹெட்விக் பிரித்தாள். படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"குவிரின்... 'ஒரு நிமிஷம்கூட நகரலை'. கையெழுத்து போட்டிருக்காரா?"

"எல்லாப் பக்கத்துலயும்."

மூன்று நாளில் முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"நோட்புர்கா, முள்ளங்கியைக் கீழ வைங்க. இப்போ பேசலாம்."

அணை உடைந்தது...!

"அடப்பாவி கஸ்பர்! என் பையனா கொலைகாரன்? அவன் ஒரு எலியைக்கூட அடிக்க மாட்டான், பொறியில விழுந்ததைத் தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டு வருவான்! அந்த நேரத்துல அவன் உங்க ஊர்லதான்டா இருந்தான்! உங்க கொட்டகையில! உங்க கம்பத்தைத் தூக்கிட்டு இருந்தான்! பதினோரு பசங்களோட! தெரியுமா உனக்கு?"

"எங்க கம்பமா?" கமிஸார் சிரித்தார். "நேத்துகூடப் பாத்தேனே! பத்திரமா இருக்கு."

"தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தியா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

ஹெட்விக் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கம்பம் திருடினா அந்த இடத்துலயே படம் எடுத்துக்கறது வழக்கம். பேரம் பேச வர்றப்போ காட்டுறதுக்கு. இது பசங்களோட போன்ல எடுத்தது. போனும் தர்றோம்."

பன்னிரண்டு பேர் தோளில் நீல வெள்ளைக் கம்பம். நடுவில் பல்லெல்லாம் தெரிய கொர்பீனியன். பின்னால் தீயணைப்புக் கொட்டகையின் கடிகாரம். மணி நாலு நாற்பது!

அதற்குக் கீழே ஒரு நாற்காலி. அதன் முதுகில் குவிரினின் பச்சைக் கோட்டு. நாற்காலி மட்டும் காலி.

கமிஸாரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"குவிரின் அங்க இருந்திருந்தா..." என்று மெதுவாக இழுத்தாள் ஃப்ராவ்கே, "கம்பத்து மேல ஒரு கையை வச்சிருந்தாலே போதுமே சார். நீங்கதானே சொன்னீங்க!"

"இதை முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று அலறினார் கமிஸார்.

"யார்கிட்ட?" என்றாள் ஹெட்விக். "டன்ஸல்பாக் கமிஸார்கிட்டயா? மத்தியானத்துக்குள்ள உங்க ஊர் பீர்க்கடை பூரா தெரிஞ்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள குவிரின் 'வயித்து வலி, வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்'னு கதையை மாத்தியிருப்பான். கொலை பண்ணினவன் யாருன்னு எனக்குத் தெரியாது கமிஸார். காவல்காரன் இடத்துல இல்லைன்னு மட்டும்தான் தெரியும். எங்க இருந்தேன்னு அவன் என்ன சொல்றான்னு பாக்கணும். அதுவும் கையெழுத்தோட. அது வர்ற வரைக்கும் இந்தக் குடும்பம் வாயைத் திறந்தா பையனுக்குத்தான் ஆபத்து."

"அதுக்காக மூணு நாள் ஊர்ப் பேச்சைத் தாங்கினீங்களா?" என்றாள் ஃப்ராவ்கே நோட்புர்காவிடம்.

"பேச்சைக் கேக்கறதைத் தாங்கிடலாம்மா," என்றாள் நோட்புர்கா மூக்கைச் சிந்தியபடி. "பேசாம இருக்கறதைத்தான் தாங்க முடியலை."

*

இருபது நிமிடத்தில் கொட்டகைப் பூட்டு உடைந்தது.

கமிஸாரே தார்ப்பாயை இழுத்தார். அடியில் நாலு ஏணி, தண்ணீர்க் குழாய், வரிசையாக வைக்கோல் கட்டுகள்!

பின்னால் வந்து நின்ற குவிரினின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா... அது வந்து... நேத்து ராத்திரிதான் திருடிட்டாங்க போல..."

கமிஸார் போட்டோவை நீட்டினார். குவிரின் அதிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். தன் கோட்டைப் பார்த்தான். பிறகு ஓடினான். வாசலில் காலை நீட்டினாள் ஃப்ராவ்கே. ஹாம்பர்க் கால், நல்ல நீளம். குப்புற விழுந்தான்.

எல்லாம் கொட்டிவிட்டான். நோய் வந்த மாடுகளுக்கு நல்ல மாடுகளின் அடையாளக் காதுவில்லையை மாட்டி விற்றிருக்கிறான். தரகர் கண்டுபிடித்துவிட்டார். விடிந்ததும் மாட்டு டாக்டரிடம் சொல்லப்போவதாக மிரட்டியிருக்கிறார். சந்தைச் சண்டையை ஊரே பார்த்ததால் பழி கொர்பீனியன் மேல் விழும் என்று கணக்குப் போட்டான் குவிரின். காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பினால் கம்பத்தைக் காணோம்! திருட்டு என்று கத்தவும் முடியாது. மே ஒன்றுக்கு முந்தின ராத்திரி திருடு போனதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏணிகளை மூடி வைத்தான்.

சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் கொர்பீனியன் வீட்டுக்கு வந்தான். தலை நிறைய வைக்கோல். மூன்று நாள் தாடி.

"மலை மேல கம்பத்துக்குக் காவல் இருந்தேன். அங்க ரேடியோகூடக் கிடையாது. வர்ற வழியில சொல்றாங்க, நான் யாரையோ கொன்னுட்டேனாமே? நிஜமாவா?"

நோட்புர்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முதுகில் ரெண்டு வைத்தாள். பிறகு மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

கமிஸார் தொப்பியைக் கழற்றினார். "என்னை மன்னிச்சிடு நோட்புர்கா. உன் பையனை நான்..." நிஜமாகவே வெட்கப்பட்டார். ஆனாலும் டன்ஸல்பாக்காரர் டன்ஸல்பாக்காரர்தான். கதவு வரை போனவர் திரும்பி வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"கேஸ் முடிஞ்சுபோச்சு. இனிமே நமக்குள்ள என்ன ரகசியம்? சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்... அந்தக் கம்பம் எந்த மலையில இருக்கு?"

மூன்று நாள் தேக்கிவைத்த உற்சாகத்தோடு நோட்புர்கா வாயைத் திறந்தாள்.

ஹெட்விக் பதினொன்றாவதைத் திணித்தாள்.

கரக்!

"என் கட்சிக்காரங்க எதுவும் சொல்ல விரும்பலை, கமிஸார். போய் பீரோட வாங்க!"