யாருடையதும் அல்லாதது

ஆய்வுகூடத்து உறைபெட்டியில் இருந்ததெல்லாம் கல்லாக இறுகிக் கிடக்க, ஒரு குப்பி மட்டும் உறையாமல் இருந்தது. கஜேந்திரன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரி ஓடியது. பக்கத்துக் குப்பிகளில் வெண்பனி அப்பியிருந்தது.

வேறொரு நாளென்றால் மேலிடத்தில் சொல்லியிருப்பான். மனைவி லோஜினி செத்துப்போனதிலிருந்து யாரிடமும் எதையும் சொல்ல அவனுக்கு அலுப்பாக இருந்தது.

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, பழைய துரை பங்களாவில் இருந்த அந்த ஆய்வுகூடத்தில் அட்டையின் எச்சிலை ஆராய்ந்தார்கள். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஏன் நிற்பதில்லை என்று பார்க்க, ரத்தத்தைக் கட்டவைக்கும் மனிதப் புரதம் தேவைப்பட்டது. அது யார் உடம்பிலிருந்தும் எடுத்ததல்ல. மனித மரபணுவின் நகலை வேறு உயிரணுக்களுக்குள் வைத்து, வெளிநாட்டில் வளர்த்து அனுப்புவார்கள். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு ஏற்றக் கூடாது என்று குப்பியில் ஒட்டியிருக்கும். பிரசவத்தில் லோஜினிக்கு ரத்தம் நிற்காமல் போனபோது, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அவன் இந்தக் குப்பிகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். பிள்ளையும் தங்கவில்லை.

அவன் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவனுக்கு அட்டை டொக்டர் என்று பேர். அவன் வேலையைப் பற்றி உண்மையாகவே விசாரித்தது மாமியார் அம்மாக்கண்ணு ஒருத்திதான். செத்தவளுக்கு ஏற்றிய விளக்குக்கு எண்ணெய் விட்டபடி கேட்டாள்.

"ஒங்க பெட்டியில இருக்கிறது மனுச ரத்தத்துல உள்ளதுதானே மாப்புள்ள?"

"ஆமா அத்தை."

"ஆஸ்பத்திரியில எம் புள்ளகிட்ட குப்பி குப்பியா எடுத்தாங்களே, அதுவா?"

இல்லை என்றால் விளக்கவேண்டும். விளக்கினால் அவள் அழுவாள். அவனும் கூடவே உட்கார்ந்திருக்கவேண்டும்.

"ஆமா," என்றான்.

நாளைக்குக் கருமாதி. விளக்கை மலையேற்றி, அவளுக்கு வைத்த தண்ணீரை எடுத்து, போய்வா என்று அனுப்பும் நாள். அம்மாக்கண்ணு முடியாது என்றுவிட்டாள்.

"மிச்சத்தைப் பூட்டி வச்சுக்கிட்டு போ போன்னா எப்புடிங்க போவா? கொண்டாந்து குடுங்க. ஆத்துல கரைச்சிட்டு அனுப்புவோம்."

எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. முடிந்தால் தூங்கலாம். கெட்டுப்போன குப்பிதானே, யாரும் தேடமாட்டார்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கி மலையை மறைத்திருந்தது. தொழிற்சாலைப் பக்கமிருந்து வாடிய கொழுந்தின் வாசனை ஈரத்தோடு வந்து மூக்கில் ஒட்ட, பாதையோரக் கானுக்குள் தண்ணீர் ஓடும் சத்தமும் அவன் செருப்புச் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை, கொஞ்ச தூரம் போகும்வரை. பிறகு மெல்லிய தளும்பல். குப்பிதான். நடையில் குலுங்குகிறது என்று நினைத்தான்.

அவன் நின்றான். தளும்பல் நிற்கவில்லை.

எடுத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. பனியில் விரல்கள் விறைத்திருக்க, குப்பி மட்டும் காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி. கையில் பிடித்தபடியே நடந்தான். ஆறவில்லை. தேயிலை வாசனை விலகி, பச்சைப்பிள்ளைக்காரியின் படுக்கை வாசனை கூடவே வந்தது. வீசிவிடலாம் என்று தோன்றியது. விரல்கள் பிரியவில்லை.

லயத்தில் அவர்கள் காம்பராவில் விளக்கு எரிந்தது. பக்கத்தில், லோஜினிக்கு வைத்த கிண்ணம் நிறையத் தண்ணீர். அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் குப்பியை வாங்கினாள்.

"அத்தை, நான் பொய் சொல்லிட்டேன். அது அவளோடது இல்ல."

"வேற யாரோடதுங்க?"

"யாரோடதும் இல்ல. மெஷின்ல வளக்கிறது. எந்த மனுசனோடதும் இல்ல."

அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அவள் குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து, நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப காலியாத்தானே இருந்துருக்கு," என்றாள். "நான் வெளக்கு வச்சதுலேர்ந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கேன். வர எடம் வேணும்ல."

மூடியைத் திருகிக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு அசைவது நின்றது. விளக்கின் நிழல் அதன் மேல் நடுங்கவில்லை. கிண்ணத்துக்குள் ஏதோ இழுத்துக்கொண்டு சுருங்கியது. மடிந்தது.

"அத்தை. தொடாதீங்க."

ஒரு கை. கட்டைவிரல் அளவுதான். கண்ணாடி மாதிரி, நகம்வரை. மூடித் திறந்தது.

லோஜினியை அல்ல. வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறாள்.

அம்மாக்கண்ணு சுண்டுவிரலை நீட்டினாள். அது பிடித்துக்கொண்டது. அவள் முகம் மலர்ந்தது. அவள் விரல் நுனி வெளுத்தது. உள்ளங்கை வெளுத்தது. கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு நூல் ஏறியது.

"அப்பாவைப் பாரு," என்றாள்.

கிண்ணத்தின் விளிம்பில் இரண்டாவது கை வந்து பற்றியது. அது அவன் பக்கம் நீண்டது.