செவ்வாயில் ஒரு மஞ்சள் கடுதாசி

வைரக்கண்ணு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது காதுக்குப் பின்னால் மொய்மணி பேச ஆரம்பித்தது. இன்று நான்கு விருந்துகள். மேற்குக் குவிமாடத்தில் காதுகுத்து, பழைய நடை எண்ணூறு லிட்டர். சுரங்கத் தெருவில் புதுமனை, பழைய நடை ஐந்நூறு. அது மேலே படித்துக்கொண்டே போக, அவர் பற்பசை நுரையை விழுங்கினார். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கச் செவ்வாயில் யாருக்கும் வசதி போதாது.

மொய்மணி என்பது கடுகளவுக் கருவி. பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்றே காதுக்குப் பின்னால் பதித்துவிடுவார்கள். யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள், எப்போது திருப்பி வைக்க வேண்டும் என்பதை அது ஆயுளுக்கும் மறக்காது. வாங்கியதைத் திருப்பி வைப்பது பழைய நடை, புதிதாக வைப்பது புது நடை. ஆள் போய்விட்டால் மகன் காதுக்கோ மகள் காதுக்கோ மாற்றிவிடுவார்கள். பூமியிலிருந்து புறப்பட்ட முன்னோர்கள் எடைக் கட்டுப்பாட்டினால் எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டு வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொய்க்கு எடை கிடையாது. அதனால் அது கப்பலேறிவிட்டது. இங்கே வந்ததும் ரூபாய் போய் லிட்டர் கணக்கில் தண்ணீர் வந்ததே தவிர, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

செவ்வாயின் ஆண்டு நீளம் என்பதால் ஆடி மாதமே கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஓடும். விருந்துகளெல்லாம் அந்த ஆடியில்தான்.

வைரக்கண்ணு கத்தரிக்காய் விவசாயி. முன்பு ஓர் ஆடியில் தன் கண்ணாடித் தோட்டத்தின் திறப்புக்கு விருந்து வைத்து, முந்நூறு குடும்பங்களிடம் மொய் வாங்கினார். அந்தத் தண்ணீரில் தோட்டம் கொழித்தது. அப்புறம் ஒரு பெரிய புழுதிக்காலம் வந்து மாதக்கணக்கில் சூரியனை மறைத்ததில் செடிகள் வெளிறிச் செத்தன. இப்போது புதிதாகக் கன்று போட்டிருக்கிறார். தொட்டியில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரை மொய்க்கு வைத்தால் கன்றுகள் சாகும். கன்றுகளுக்கு ஊற்றினால் வெளியே தலைகாட்ட முடியாது. பாவம், மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

"ஏங்க, பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துருங்க. மானம் போனா போவட்டும், கன்னு பொழைக்கட்டும்" என்றாள் அவர் மனைவி நாடியம்மாள். மஞ்சளையும் சரி, கடுதாசியையும் சரி, அவள் பிறந்ததிலிருந்து கண்ணால் கண்டதில்லை.

திவால் மன்றத்தில் இருந்த ஒரே வக்கீல் ஓர் இயந்திரம். பூமியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குரல் பெண்குரலாக இருந்ததால் எல்லோரும் அதை வக்கீலம்மா என்றார்கள். வழக்கே வராமல் தூசி படிந்து உட்கார்ந்திருந்த அது, வைரக்கண்ணுவைக் கண்டதும் எழுந்து நின்று வரவேற்றது.

ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமில்லை, உறவினர் தொட்டியில் தண்ணீரை ஒளித்துவிட்டு இல்லை என்று சொல்வதுதான் குற்றம் என்று வக்கீலம்மா சொன்னது. வீடு? குடியிருக்கும் வீடு, சமையல் பாத்திரம், குடிநீர், தொழிலுக்கு வேண்டிய கருவிகள் ஆகியவற்றை யாரும் தொட முடியாது. கத்தரிக் கன்றுகளும் அவற்றுக்கு வேண்டிய தண்ணீரும் தொழிலைச் சேர்ந்தவைதாம். நாடியம்மாளின் நகை அவளுடைய சொந்தச் சொத்து என்பதால் அதற்கும் ஆபத்தில்லை. வைரக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க முடியுமா என்று அடுத்ததாகக் கேட்டார். முடியாது, கொடுத்தவர் அத்தனை பேருக்கும் தகவல் போக வேண்டும். ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிடலாமா என்றார். கூடாது.

அந்த ஒருவர் மச்சான் அடைக்கலம். நாடியம்மாளின் அண்ணன். எல்லோரையும்விட அதிகமாக, நாலாயிரம் லிட்டர் வைத்தவர்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. மன்றத்திலிருந்து ஒரு சமிக்ஞை போனதும் முந்நூறு குடும்பங்களின் காதுகளிலும் வைரக்கண்ணுவின் பாக்கி அழிந்தது. மறுநாள் காலையில் அவர் பல் துலக்கினார். மொய்மணி வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு அமைதியாக ஒரு காலைப்பொழுது இருக்க முடியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டத்துக்குள் போய்க் கன்றுகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் ஆடினார். ஈர்ப்பு குறைவு என்பதால் ஆட்டம் கொஞ்சம் உயரமாகவே இருந்தது.

நாடியம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அண்ணன் இனி இந்த வாசலை மிதிக்குமா? அவள் துணிந்து, கடன் தீர்ந்த சந்தோஷத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அடைக்கலத்துக்கும் பக்கத்து நாலு வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினாள். வக்கீலம்மாவையும் மரியாதைக்கு அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு குடும்பங்களும் வந்து நின்றன.

முன்னால் அடைக்கலம். மச்சான் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். அடைக்கலமோ அவருடைய தோளைப் பிடித்து, தன் காதோரத்தை அவர் காதோரத்தில் மெல்ல முட்டினார். செவ்வாயில் மொய் எழுதுவது அப்படித்தான்.

"அடைக்கலம், ஐயாயிரம் லிட்டர். புது நடை" என்றது மொய்மணி.

அவருக்குப் பின்னால் வரிசை குழாயடி வரைக்கும் நின்றது.

வக்கீலம்மா பதறிப்போய் நடுவில் புகுந்தது. "ஐயா, இவர் திவாலானவர். உங்கள் தண்ணீர் ஏற்கெனவே ஒரு முறை போய்விட்டது. தவிர, இது புதுக் கடன். இவர் இன்னொரு முறை மனுப் போட எட்டு ஆண்டுகள் ஆகும்."

"அதனாலதாம்மா வக்கிறோம்" என்றார் அடைக்கலம். "மத்தவன்லாம் கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கிறான். எவன் என்னைக்கிக் கைய விரிப்பான்னு தெரியல. எங்க மாப்ளைக்கு இன்னைக்கிச் சல்லிக் கடன் கெடையாது, எட்டு வருசத்துக்குக் கைய விரிக்கவும் முடியாது. இதவுடப் பத்திரமான எடம் எங்கருக்கு, சொல்லுங்க."

வக்கீலம்மாவின் நெற்றி விளக்கு வெகுநேரம் மினுக்கியது. கணக்கில் பிழை இல்லை.

நாடியம்மாள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அப்புறம் உலையில் அரிசியைக் கூட்டிப் போட ஓடினாள். ஆட்டையே பார்த்திராத ஆட்டுக்கறி, சோதனைக்கூடத்திலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கியது. வைரக்கண்ணு முட்டி முட்டிக் காதோரம் சிவந்துபோனார். தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டில் இரவல் தொட்டி வாங்கி, அதுவும் நிரம்பியது. காலையில் செவ்வாயிலேயே கடனில்லாத ஒரே மனிதராக எழுந்தவர், சாயங்காலம் செவ்வாயிலேயே பெரிய கடன்காரராகப் பாயில் சாய்ந்தார். அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் அவர் தூங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மறுநாள் திவால் மன்றத்தைத் திறந்த வக்கீலம்மா திகைத்து நின்றது. வாசலில் கூட்டம் நெரிந்தது. பட்டுச்சட்டை, நெற்றியில் சந்தனம், சிலர் கையில் பழத்தட்டுகூட இருந்தது. தங்களையும் திவாலாக்க வேண்டும் என்று அத்தனை பேரும் மனுவோடு வந்திருந்தார்கள். முதல் ஆள் அடைக்கலம்.

சிறை, வீடு, நகை என்று வழக்கமான கேள்விகளுக்கான பதில்களை வக்கீலம்மா தயாராக எடுத்து வைத்தது. அடைக்கலத்துக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான்.

"தீர்ப்பு எந்தத் தேதில வரும்னு முன்னாடியே சொல்லிருவீங்களா? நல்ல நாளா பாத்துப் போடுங்கம்மா, விருந்துக்கு மண்டபம் சொல்லணும்."

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதனால் வக்கீலம்மா பூமிக்குத் தகவல் அனுப்பி, ஒரு பஞ்சாங்கம் கேட்டது.