கனப்பொருத்தம்

செவ்வாயின் செந்திடல் குடியிருப்பில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழத்தோடு ஒரு கனமானியையும் எடுத்துப் போவார்கள். காபி குடித்து முடித்ததும் பெண்ணின் தலைமுடி ஒன்றை வாங்கி அதில் வைத்துப் பார்ப்பது வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

செவ்வாய்க் காற்றில் நைட்ரஜன் குறைவு. ஆனால் அந்த நைட்ரஜனில் கனமான அணுக்களின் பங்கு பூமியைவிட அதிகம். காற்றிலிருந்து அதைப் பிரித்து நிரப்பிய கூடாரங்களில் பயறு விதைத்தால், வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அந்த நைட்ரஜனை இழுத்துச் செடிக்குக் கொடுக்கும். செடியில் இருப்பது, தின்பவரின் முடியிலும் நகத்திலும் வந்து சேரும். கனமானி அளப்பது அந்தக் கனத்தைத்தான். பூமியில் விளைந்ததைத் தின்றால் உடம்பில் இலேசான நைட்ரஜன்தான் ஏறும். ஆகவே கனமாக இருப்பவர் செவ்வாயின் பிள்ளை, இலேசாக இருப்பவர் வந்தேறி என்று பூர்விகர் சங்கம் முடிவு செய்திருந்தது.

சங்கத் தலைவர் சாத்தப்பன் இங்கேயே பிறந்தவர். அவருடைய மகன் நலங்கிள்ளி விரும்பியதோ, இரண்டு வருடம் முன்பு நாகர்கோவிலிலிருந்து கப்பலேறி வந்த மெர்லினை. பயறுக் கூடாரத்துக்கு அவள்தான் பொறுப்பு.

"முடி பொய் சொல்லாதுடா. இலேசுன்னு காட்டினா இந்தப் பேச்சையே விட்டுடணும்" என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாத்தப்பன் புறப்பட்டார். நலங்கிள்ளி பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

மெர்லின் தட்டைப்பயறுச் சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். கேட்பதற்கு முன்பே ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினாள். கனமானி முனகி ஓய்ந்தது. சாத்தப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஊரில் யாருக்கும் வராத கனம்.

"மெஷின் ரிப்பேர்" என்றார்.

"அப்போ உங்க முடிய வச்சுப் பாருங்க மாமா."

வைத்தார். நேற்றுக் கப்பலில் இறங்கியவரைப் போல இலேசு.

"அதெப்படி? நான் இந்த மண்ணுல பொறந்தவன்!"

அவர் மனைவி தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூமித் துவரம்பருப்பு இல்லாம உங்களுக்கு ஒரு வாய் இறங்குமா? உள்ளூர்ப் பயறு நம்ம அந்தஸ்துக்கு ஆகாதுன்னீங்களே!"

சாத்தப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது வெளிய போகக் கூடாதும்மா."

"போகாது மாமா. சுண்டலச் சாப்பிடுங்க. புதுசா வளர்ற முடியில கனம் தானா ஏறிரும்."

வேண்டாவெறுப்பாக ஒரு வாய் போட்டவர், தட்டைக் காலி செய்து மறுபடியும் நீட்டினார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நலங்கிள்ளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கல்யாணம் பயறுக் கூடாரத்திலேயே நடந்தது. பந்தியில் தலைவரே பயறை வாங்கி வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்த சங்கத்தார், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் முடியைச் சோதித்தார்கள். மறுநாளிலிருந்து கூடாரத்து வாசலில் கூட்டம் தாங்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஊரே ஒரே கனம். செந்திடலில் வந்தேறி என்று ஒருவர்கூட இல்லை. கை தட்டி ஓய்ந்த பிறகு, இனி யாரை விலக்குவது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சாத்தப்பன் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். "கவலப்படாதீங்க. ஒரே செடியிலயே வேர் முடிச்சுக்கு ஒரு கனம், பயறுக்கு ஒரு கனம், இலைக்கு ஒரு கனம்னு என் மருமக சொல்றா. அப்போ பயறு தின்றவங்களும் கீரை தின்றவங்களும் ஒண்ணாக முடியுமா? நுட்பமான மெஷின் இருந்தா பிரிச்சுடலாம்."

அப்படியொரு கனமானியைப் பூமியிலிருந்து வரவழைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.